13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு மோதல்

நியூட்ரான் விண்மீன் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். எடையோ சூரியனைவிட அதிகம். அப்படிப்பட்ட இரண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியபோது எழுந்த ஈர்ப்பு அலைகள் 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமியைக் கடந்தன.

அமெரிக்காவின் ஹேன்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஊர்களிலுள்ள லைகோ கருவிகள் 4 கிலோமீட்டர் நீளமான இரு கரங்களில் லேசர் ஒளியை ஓடவிட்டு, அலை கடக்கையில் கரங்களின் நீளம் மாறுவதை அளக்கின்றன. அந்த மாற்றம் ஒரு புரோட்டானைவிட மிகமிகச் சிறியது. அதுவரை பதிவான கருந்துளை மோதல்கள் ஓரிரு விநாடிக்குள் முடிந்தவை. இதுவோ ஏறக்குறைய 100 விநாடி நீடித்தது.

நம்மை அதிகம் வியக்க வைப்பது இத்தாலியில் பீசா அருகிலுள்ள விர்கோ கருவியின் மௌனம். அதில் அலை மிக மங்கலாகவே பதிந்தது. விர்கோவுக்கு எந்தத் திசைகள் சரியாகப் புலப்படாது என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும்; அலை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்! தேட வேண்டிய வானப்பரப்பு சட்டென்று சுருங்கியது.

மோதலுக்கு 1.7 விநாடி கழித்து ஃபெர்மி விண்கலம் காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்திருந்தது. 11 மணி நேரத்துக்குள் சிலி நாட்டின் ஸ்வோப் தொலைநோக்கி, என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. முதலில் நீலம், சில நாள்களில் சிவப்பு: தங்கம், பிளாட்டினம் போன்ற கனத்த தனிமங்கள் இத்தகைய மோதல்களில் பிறக்கின்றன என்ற கருத்துக்கு அது வலுவான சான்று. 2019இல் அதே ஒளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடமும் இனங்காணப்பட்டது.