சின்ன காருக்கு ஒல்லி வீல் தான் பலம்: மாற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

தூத்துக்குடி:

தூத்துக்குடி மாவட்டத்தில் பழைய மாருதி 800, ஆல்ட்டோ, நானோ கார் வைத்திருப்பவர்களுக்கு வீல் ஒரு தலைவலியாகி விட்டது. உப்புக்காற்றில் துருப்பிடித்த டிஸ்கை (இரும்பு ரிம்) மாற்றலாம் என்று கடைக்கு போனால், 12 அங்குலம் ஸ்டாக் இல்லை, 13 அங்குல அலாய் போட்டுக்கோங்க அண்ணாச்சி என்கிற பதில் தான் வருகிறது.

பார்க்க பளபளப்பாக இருக்கிறதே என்று பலரும் மாட்டி விடுகிறார்கள். அப்புறம் தான் ஸ்டியரிங் கனக்கிறது, குடும்பத்தோடு ஏறினால் டயர் உரசுகிறது, மைலேஜ் குறைகிறது என்று மெக்கானிக் ஷெட்டுக்கு அலைச்சல் ஆரம்பிக்கிறது.

சின்ன காருக்கு கம்பெனிக்காரன் ஒல்லியான, லேசான சக்கரத்தை கொடுத்தது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல. அதற்கு காரணம் உண்டு. அது தெரிந்தால் பணமும் மிஞ்சும், உயிருக்கும் பாதுகாப்பு.

12 அங்குலம் எங்கே போனது?

ஒரு காலத்தில் ரோட்டில் அம்பாசடரும், பியட்டும் தான் ஓடின. அம்பாசடருக்கு 15 அங்குல ரிம், பியட் பத்மினிக்கு 14 அங்குல ரிம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது தான் 12 அங்குல குட்டி சக்கரம் நம் ஊர் ஜனங்களுக்கு பழக்கமானது. 796 சி.சி. என்ஜின், சுமார் 650 கிலோ எடை. அந்த காருக்கு அது போதுமானதாக இருந்தது.

2009-ல் டாடா நானோ வந்தது. அதற்கும் 12 அங்குலம் தான். முன் சக்கரத்துக்கு 135 மி.மீ. அகலம், பின் சக்கரத்துக்கு 155 மி.மீ. அகலம். என்ஜின் பின்னால் இருப்பதால் பாரமும் பின்னால். அதனால் தான் இந்த வித்தியாசம்.

இப்போது அந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்று விட்டன. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது. நானோ 2018-ல் நின்றது. ஆம்னி 2019-ல் போனது. ஆல்ட்டோ 800, 2023-ல் நிறுத்தப்பட்டது. 2022-ல் வந்த புது ஆல்ட்டோ கே10 காருக்கு 13 அங்குல ரிம்.

இதே மாவட்டத்தில் சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந்தேதி திறக்கப்பட்டது. அங்கு தயாராகும் வி.எப்.6, வி.எப்.7 எல்லாம் பெரிய வீல் வைத்த எஸ்.யு.வி. ரக கார்கள். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன காரை நம்பி தொழிலுக்கு போகிறவர்களுக்கு தேவை 12 அங்குலம் தான்.

ஒல்லி டயரால் என்ன லாபம்?

ஒல்லி டயர் போட்ட சைக்கிளையும், தடித்த டயர் போட்ட சைக்கிளையும் மிதித்து பார்த்தவர்களுக்கு இது லேசில் புரியும். தடித்த டயர் கூடுதல் எடை. எதிர்க்காற்றையும் அதிகம் வாங்கும். துறைமுக ரோட்டிலும், உப்பளம் ஓரத்திலும் அடிக்கிற கடல் காற்றில் சின்ன என்ஜினுக்கு அது கூடுதல் வேலை.

ஸ்டியரிங் விஷயமும் இருக்கிறது. மாருதி 800 கார்களில் பெரும்பாலானவற்றுக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒல்லி டயர் இருந்ததால் தான் மார்க்கெட் சந்தில் ஒரு கையால் திருப்ப முடிந்தது. அகலமான டயர் போட்டால் நின்ற இடத்தில் திருப்பும்போது தோள்பட்டை வலிக்கும்.

மழையிலும் ஒல்லி டயர் நல்லது. ரோட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். அதே எடையுள்ள காரில் அகல டயர் போட்டால், வேகமாக போகும்போது தண்ணீர் மேல் மிதந்து வழுக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் லாபம் என்றும் சொல்ல முடியாது. காய்ந்த ரோட்டில் சடன் பிரேக் போடும்போதும், வளைவிலும் அகல டயருக்கு பிடிமானம் கொஞ்சம் கூடுதல். தேரி மணலிலும், கடற்கரை மணலிலும் ஒல்லி டயர் சீக்கிரம் புதைந்து விடும். மணப்பாட்டில் காரை மணலில் இறக்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஒல்லி டயர் ஏழைகள் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2013-ல் கொண்டு வந்த ஐ3 மின்சார காருக்கு வெறும் 155 மி.மீ. அகல டயரை தான் மாட்டியது. ரிம் 19 அங்குலம். பேட்டரி சார்ஜ் சீக்கிரம் தீராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

அலாய் என்றால் லேசா?

அலாய் வீல் என்றாலே லேசு என்பது பாதி உண்மை. ஒரே அளவில், ஒரே அகலத்தில் நல்ல கம்பெனி அலாய், இரும்பை விட எடை குறைவாக இருக்கலாம். ஆனால் 12 அங்குல இரும்பு டிஸ்கை கழற்றி விட்டு 13 அல்லது 14 அங்குல அகல அலாயும், அதற்கேற்ற பெரிய டயரும் போட்டால் மொத்த எடை கூடி விடுவது சகஜம்.

இதற்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். தராசு போதும். பழைய வீலை டயரோடு ஒரு தடவை, புது வீலை டயரோடு ஒரு தடவை எடை போட்டு பார்த்தால் கதை தெரிந்து விடும்.

சக்கரத்தின் வெளி ஓரத்தில் கூடும் ஒரு கிலோ, வண்டியை கிளப்பும்போது ஏறக்குறைய 2 கிலோ போல இழுக்கும். காரணம், அந்த எடையை என்ஜின் முன்னால் தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் டவுன் ஓட்டத்தில் தான் இது தெரியும். அதற்காக மைலேஜ் பாதியாகி விடும் என்று பயப்படவும் வேண்டாம். கூடுதல் எடையால் முதலில் அடி வாங்குவது சஸ்பென்ஷனும், வீல் பேரிங்கும் தான்.

மீட்டர் காட்டும் பொய்

மாருதி 800 டயரில் 145/70 ஆர்12 என்று இருக்கும். 145 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் டயரின் உயரம். 12 என்பது ரிம் அங்குலம். கூட்டிப்பார்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 508 மி.மீ.

இதற்கு பதில் 155/65 ஆர்13 போட்டால் மொத்த உயரம் சுமார் 532 மி.மீ. ஆகிறது. ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது கார் உண்மையில் 84-ல் போகும்.

மைலேஜ் கணக்கும் குழம்பும். 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 95 அல்லது 96 தான் காட்டும். லிட்டருக்கு 18 கொடுத்த கார் இப்போது 17 தான் கொடுக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு, அதில் பெரும்பகுதி மீட்டர் காட்டும் பொய்யாகவும் இருக்கலாம்.

ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயருக்கு மொத்த உயரம் சுமார் 537 மி.மீ. அதற்கு 155/65 ஆர்13 போட்டால் ஒரு சதவீதம் தான் வித்தியாசம். ஆக, ஒரே டயர் ஒரு காருக்கு பொருந்தும், இன்னொரு காருக்கு பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நாமும் போடக்கூடாது.

மாட்டும் முன் உஷார்

* நட் ஓட்டைகளின் இடைவெளி: 4 ஓட்டை ரிம்மில் ஒரு ஓட்டையின் நடுவில் இருந்து எதிர் ஓட்டையின் நடு வரை அளக்க வேண்டும். 100 மி.மீ., 114.3 மி.மீ. என்ற இரண்டு அளவு புழக்கத்தில் அதிகம். அங்குலம் ஒன்றாக இருந்தாலும் இது மாறினால் மாட்டாது. ஓட்டையை ராவி பெரிதாக்கி மாட்டுவது விபத்தை விலை கொடுத்து வாங்குவது போல. நானோ வந்தபோது ஒரு சக்கரத்துக்கு 3 நட் தான். மற்ற கார் ரிம் அதற்கு சேராது.

* நடு ஓட்டை: ரிம் அச்சில் கச்சிதமாக உட்கார வேண்டும். லொடலொட என்று இருந்தால் ஸ்டியரிங் ஆடும். அதற்கென்று உள்ள வளையம் போட வேண்டும்.

* நட்: இரும்பு டிஸ்க் நட்டை எல்லா அலாய்க்கும் போட முடியாது. நட் உட்காரும் சரிவு பொருந்தாவிட்டால் ஓட்டத்தில் லூசாகி விடும். புதிதாக மாட்டிய பின் 50, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை டைட் பார்ப்பது நல்லது.

* வெளியே துருத்தல்: ரிம் வெளிப்பக்கம் தள்ளி நின்றால் பேரிங் சீக்கிரம் போகும். 5 பேரை ஏற்றி திருச்செந்தூருக்கு போகும்போது டயர் மட்கார்டில் உரசும்.

* பாரம் தாங்கும் எண்: டயரில் அளவுக்கு பக்கத்தில் 69எஸ், 74டி என்று இருக்கும். 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும். 74 என்றால் 375 கிலோ. கம்பெனி கொடுத்ததை விட குறைந்த எண் போடவே கூடாது.

* தேதி: 12 அங்குலம் விற்பனை குறைவு என்பதால் கடையில் பழைய ஸ்டாக் கிடக்க வாய்ப்பு உண்டு. டயர் ஓரத்தில் 4 இலக்க எண் இருக்கும். 2419 என்றால் 2019-ம் ஆண்டு 24-வது வாரம் தயாரித்தது. வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்க வேண்டும்.

சின்ன யானை டயர் போடலாமா?

மீன் மார்க்கெட்டில் நிற்கும் டாடா ஏஸ் வண்டிக்கும் 12 அங்குலம் தான். அதன் டயர் சுலபமாக கிடைக்கிறது என்று சிலர் காருக்கு மாட்டி விடுகிறார்கள். அது பாரம் ஏற்றும் வண்டிக்கான டயர். கனம் அதிகம், சுவர் முரடு. லேசான காரில் போட்டால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் அடிக்கும். மாருதி 800-க்கு உயரமும் கூடி விடும். அவசரத்துக்கு கூட நல்லதல்ல.

145/70 ஆர்12 கிடைக்காதவர்கள் 155/65 ஆர்12 கிடைக்கிறதா என்று கேட்டு பார்க்கலாம். நானோவின் பின் டயர் அளவு தான் அது. மொத்த உயரத்தில் 2 மி.மீ. கூட வித்தியாசம் வராது. ஆனால் தங்கள் ரிம்மின் அகலத்துக்கு சேருமா என்று டயர் கம்பெனி அட்டவணையை பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

உப்பு தின்னும் டிஸ்க்

நம் ஊரில் டிஸ்க் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் உப்பு. வேம்பாரில் இருந்து பெரியதாழை வரை கடலோரத்தில் நிற்கும் காருக்கு தினமும் உப்புக்காற்று தான். 2023 டிசம்பர் 17, 18-ந்தேதி வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்போது தண்ணீரில் நின்ற கார்களின் டிஸ்கையும், பேரிங்கையும் இதுவரை பார்க்காதவர்கள் இப்போதாவது பார்த்து விடுவது நல்லது.

டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் டியூப்லெஸ் டயரில் காற்று கசியும். பஞ்சர் கடையில் எவ்வளவு தேடினாலும் ஆணி கிடைக்காது. ஆனால் 2 நாளில் காற்று இறங்கி விடும். டயரை கழற்றி, விளிம்பை கம்பி பிரஷ்சால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடித்தால் துரு ஆழமாக தின்னாத டிஸ்க் இன்னும் பல வருடம் ஓடும். ஓட்டை விழுந்தது, வெடித்தது, நட் ஓட்டை பெருத்தது ஆகியவற்றை தூக்கிப்போட வேண்டியது தான். வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது.

அலாய்க்கும் தப்பில்லை. பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளை பொடி பூத்து அரிக்கும். கடற்கரை பக்கம் போய் வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவி விடுவது இரண்டுக்கும் பொது மருந்து.

காயலான் கடைக்கு போகிறீர்களா?

பழைய டிஸ்க் வாங்க காயலான் கடைக்கு போவதில் தப்பில்லை. 12 அங்குல ஒரிஜினல் டிஸ்க் இன்று அதிகம் கிடைப்பதே அங்கு தான். வாங்கும் முன் பெயிண்டை சுரண்டி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேலன்சிங் மிஷினில் மாட்டி சுற்றச்சொல்லி, கோணல் இல்லை என்று தெரிந்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு போகும்போது டயரும் சோதனைக்கு வரும். டயர் பட்டன் 1.6 மி.மீ.க்கு கீழ் தேய்ந்திருக்கக்கூடாது என்பது சட்டம்.

முதலில் இருக்கிற டிஸ்கை சரி செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதே அளவில் இன்னொன்று தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் அளந்து, எடை போட்டு, பொருந்தும் அலாய்க்கு போங்கள். ராத்திரி நேரத்தில் மணப்பாட்டில் இருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அவசரமாக காரை எடுக்கும்போது பளபளப்பு உதவாது. காற்று இறங்காத, நட் கழலாத சக்கரம் தான் உதவும்.