எந்தச் சேவல் சட்டிக்கு, எந்தச் சேவல் கூட்டுக்கு?



தீபாவளி நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்திங் பக்கம் கம்பத்து வீட்டில் தாத்தா வளர்க்கும் கோழிகளில் ஐந்து இளஞ்சேவல்கள் இருக்கின்றன. ஒன்று மளமளவென்று வளர்ந்து கொழுத்துவிட்டது. இன்னொன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை. பார்க்க அழகாக இல்லை. மற்ற மூன்றும் நடுத்தரம். குழம்புக்கு எதைப் பிடிப்பார்கள்? பல வீடுகளில் முதலில் கொழுத்தது போகும். அடுத்து அழகில்லாதது போகும்.

இது சமையல் முடிவு மட்டும் அன்று. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டில் எந்த மரபணுக்கள் இருக்கும் என்பதையும் அதே முடிவுதான் தீர்மானிக்கிறது. கம்பத்துக் கோழியைக் காப்பாற்றுவதும் இழப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

காட்டிலிருந்து கம்பத்துக்கு

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மலாயில் ஆயாம் ஹூத்தான் என்பார்கள். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆனால் கோழியின் மரபணுக்கள் அனைத்தும் அதனிடமிருந்து மட்டும் வரவில்லை.

கம்பத்துக் கோழிகளில் சிலவற்றின் கால் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். மக்காச்சோளத்திலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. மஞ்சள் தோல் கோழிகளின் தோலில் அது குறைவாகவே செயல்படுவதால் நிறம் அங்கே தங்கிவிடுகிறது.

தேர்வு என்ன செய்யும்?

கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 வகையின் எடை சராசரி 905 கிராம். 1978 வகை 1,808 கிராம். 2005 வகை 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது மரபணு. வேகமாக வளர்ந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பெற்றோராக வைத்ததன் விளைவு இது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கிளந்தானில் சிறிய கோழிகளையே தொடர்ந்து இணைத்து உருவாக்கிய செராமா, உலகின் மிகச் சிறிய கோழி இனங்களுள் ஒன்று. பெரும்பாலானவை அரைக் கிலோகூட இருக்காது.

இப்போது தாத்தாவின் கூட்டைப் பாருங்கள். வேகமாக வளர்ந்த சேவலை இனம் பெருகும் முன்பே ஒவ்வோர் ஆண்டும் சமைத்துவிட்டால், மெதுவாக வளர்பவையே தந்தையாகின்றன. பண்ணையில் நடக்கும் தேர்வு இங்கே தலைகீழாக நடக்கிறது.

கழுத்தில் இறகில்லாத சேவலை எடுத்துக்கொள்வோம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. இறகு குறைந்தால் உடல் வெப்பம் எளிதாக வெளியேறும். ஆகவே நம் வெயிலுக்கு அந்த அழகில்லாத கழுத்து ஒரு நன்மை. அந்தப் பண்பு ஓங்கு பண்பு. ஒரு மரபணுப் பிரதி இருந்தாலே வெளியே தெரியும். மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு என்பதால் வெள்ளைத் தோல் கோழிக்குள்ளும் மறைந்து வாழும். ஓங்கு பண்பு அப்படி மறைய முடியாது. வெறுங்கழுத்துக் கோழிகளை எல்லாம் சமைத்துவிட்டால் அந்த மரபணு அன்றே அந்தக் கூட்டைவிட்டுப் போய்விடும்.

இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? உலக நாடுகளின் கோழிகளை ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வணிகக் கோழி வகைகள் மூதாதை இனங்களின் மரபணு வேறுபாட்டில் பாதியையோ அதற்கும் மேலோ இழந்துவிட்டன என்று கணித்தது. புதிய நோயோ கூடுதல் வெப்பமோ வரும்போது தேவைப்படும் பண்பு, இழந்த பாதியில் இருந்திருக்கலாம். அதைத் தேடக்கூடிய இடங்களில் ஒன்று கம்பத்துக் கோழி.

பத்துக் கோழி, ஆனால் பத்து அல்ல

அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். ஒரு சேவலே ஒன்பது பெட்டைக்குப் போதும் என்று மற்றவற்றைச் சமைத்துவிடுவது வழக்கம்.

அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் தந்த ஒரு சூத்திரம் இங்கே உதவும். சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1 சேவல், 9 பெட்டை என்றால் 4 × 1 × 9 ÷ 10 = 3.6. கூட்டில் பத்துக் கோழி இருந்தாலும் மரபியல் கணக்கில் நான்குகூட இல்லை! 3 சேவல், 7 பெட்டை என்றால் 4 × 3 × 7 ÷ 10 = 8.4.

நெருங்கிய இரத்த உறவில் இணைசேர்தல் முதல் கூட்டில் தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு கூடும். இரண்டாவது கூட்டில் சுமார் 6 விழுக்காடு. அது கூடக் கூடப் பொரியாத முட்டைகள் அதிகமாகும், குஞ்சுகள் நலியும். ஆகவே சேவல்கள் மூன்றையாவது விட்டுவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தூரத்து வீட்டாருடன் சேவலை மாற்றிக்கொள்வதும் நல்லது.

நோய் வந்தால் இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் சரிந்துவிடும். நியூகாசல் நோய் ஒரு கூட்டையே காலி செய்யக்கூடியது. சாதாரணத் தடுப்பு மருந்தைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கம்பங்களில் அது எளிதல்ல. அதற்காகவே 1980களில் செர்டாங்கில் உள்ள மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இடம் அது.

சட்டிக்குப் போகும் சேவல்

மூன்றைத் தேர்ந்துவிட்டோம். மீதிச் சேவல்கள் உணவுக்குத்தான். கோழி அடிப்பது பழகிய பெரியவர்களின் வேலை. அதன் ஒவ்வொரு படியிலும் அறிவியல் இருக்கிறது.

முதல் நாள் இரவே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கழிவு இறைச்சியில் படாது. கழுத்தை அறுத்தபின் இரத்தம் முழுதும் வடியவேண்டும்; தங்கிய இரத்தத்தில் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும்.

இறகு பறிக்கக் கொதிநீர் வேண்டாம். ஏறக்குறைய 60 பாகை வெந்நீரில் ஒரு நிமிடம் போதும். இறகின் வேரைப் பிடித்திருக்கும் தோல் அதில் தளர்ந்துவிடும். கொதிநீரில் தோலே வெந்து கிழியும். பிறகு மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டுவது நம் வீட்டு வழக்கம். மயிர் போன்ற நுண்ணிறகுகள் கருகி உதிரும். குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையக்கூடாது. உடைந்தால் இறைச்சி கசக்கும்.

அடித்த கோழி ஏன் விறைக்கிறது? தசை சுருங்கிய பின் தளர்வதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. இறந்தபின் அது தீர்ந்துபோவதால் ஆக்டின், மயோசின் புரத இழைகள் பூட்டிக்கொள்கின்றன. 4 பாகைக்குக் கீழே சில மணி நேரம் வைத்தால் தசையின் நொதிகள் இழைகளைத் தளர்த்தும். நுண்ணுயிர்ப் பெருக்கமும் தடைபடும்.

வயதான சேவலின் இறைச்சியில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். அதனால் அதைப் பொரித்தால் ரப்பர்போல் இருக்கும். மெதுவாகக் குழம்பில் வேகவிட்டால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து குழம்பு கெட்டியாகும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாக, இறைச்சியின் உட்புறம் 74 பாகையை எட்டவேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டாதீர்கள்; கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வேலை

பெட்டாலிங் ஜெயாவில் வீட்டோடு கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மாநகர் மன்றத்தின் விதிகளைக் கேட்டறிய வேண்டும். அடுக்குமாடியில் வளர்க்க முடியாது. ஆனால் கம்பத்தில் வளர்க்கும் உறவினர்களுக்கு நீங்கள் ஓர் உதவி செய்யலாம். ஒரு பயிற்சிப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோழியின் தாய், தந்தை, பொரித்த நாள், எட்டாம் வாரத்து எடை, கால் நிறம், கழுத்து இறகு, நோய் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கத்தியை எடுக்கும் முன் பெரியவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தால் போதும். விருந்தும் குறையாது, இனமும் குறையாது.