காலிப் பெக்கட்டுக்கும் ஒரு விலை

கூந்தல் வணிகம் – 6

தலதா மாளிகையில் புதன்கிழமைகளில் நடக்கும் நானுமுற சடங்கின் மூலிகைக் கலவையில் தொடங்கி, தோட்டத்து லயங்களில் தீபாவளிக்கு இடித்த சீயக்காய் வரை சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சீயக்காயின் இடத்தைப் பிடித்தது ஷாம்பு. அதிலும் போத்தல் ஷாம்பு இல்லை. கலஹா, தெல்தோட்டை, பன்விலைப் பக்கத்துக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய சின்னப் பெக்கட். கடைக்காரர் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். பீலிக்கரையில் ஈரக்கையால் மூலை கிழியாது, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். நீளமான முடி என்றால் ஒன்று போதாது. ஆனாலும் அக்காவும் தங்கையும் ஒன்றையே பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பெக்கட்டின் கதை தமிழ்நாட்டுக் கடலூரில், சின்னி கிருஷ்ணன் என்பவரிடம் தொடங்குகிறது. முகப்பவுடர் டப்பாவில் மட்டுமே விற்ற காலம் அது. அவர் அதைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டினார். 100 கிராம் பெக்கட்டில் வந்த, பேதிக்குக் குடிக்கும் எப்சம் உப்பையும் 5 கிராம் பெக்கட்டாகப் பிரித்து விற்றார். தான் செய்யும் பொருளைக் கூலியாளும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கிப் பாவிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஷாம்பு போன்ற திரவத்தையும் அப்படிச் சின்ன உறையில் அடைத்துவிடலாம் என்று முயன்றவர், அதன் பெரிய வெற்றியைப் பார்க்காமலே காலமானார்.

தந்தைக்குப் பிறகு மகன்கள் வெல்வெட் ஷாம்பைப் பெக்கட்டில் கொண்டுவந்தார்கள். அது நன்றாக ஓடியது. ஆனால் தம்பி சி.கே. ரங்கநாதனுக்கு அண்ணன்மாரோடு ஒத்துப்போகவில்லை. சொத்தில் பங்கு கேட்காமல் வெளியேறி, கையிலிருந்த 15,000 ரூபாவை வைத்து 1983-ல் சிக் இந்தியா என்ற கம்பனியைத் தொடங்கினார். ‘சிக்’ என்ற பெயரும் தந்தையின் பெயரைச் சுருக்கி வைத்ததுதான். புதுச்சேரிப் பக்கம் கன்னிக்கோயிலில் மாதம் 300 ரூபா வாடகைக்கு ஒரு சின்ன இடம், 3,500 ரூபாவுக்கு ஓர் இயந்திரம். முதல் மாதம் விற்றது 20,000 பெக்கட்.

ஊர் ஊராகப் போய் விற்றார்கள். கூட்டம் கூட்டி, ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவி, சுற்றி நின்றவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு நடுவில் விளம்பரம் போட்டார்கள். எல்லாவற்றையும்விட எடுபட்டது வேறொரு திட்டம்: எந்தக் கம்பனியின் பெக்கட்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பெக்கட் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். பின்னர் சிக் பெக்கட்டை மட்டுமே ஏற்பதாக மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாவாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது. மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தபோது 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியபின் ஒரு கோடி.

1990-ல் பியூட்டி காஸ்மெட்டிக்ஸ் என்றும், 1998-ல் கவின்கேர் என்றும் கம்பனி பெயர் மாறியது. மீரா சீயக்காய்த் தூள், நைல், ஃபேர்எவர் என்று தலையிலிருந்து முகம்வரை பொருட்கள் பெருகின. பெக்கட்டின் விலை 50 பைசாவரை இறங்கியது. பெரிய கம்பனிகளும் பெக்கட் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தது.

நாட்கூலிக்காரர் வீட்டில் போத்தலுக்கு ஒரேயடியாக எடுத்துவைக்கப் பணம் இருக்காது. இன்றைக்குத் தலை முழுகச் சில்லறை இருக்கும். அந்தச் சில்லறையை மதித்தவர் சின்னி கிருஷ்ணன். பணக்கார வீட்டுப் பெண்ணின் தலையில் மணக்கும் அதே மணம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையிலும் மணக்க வழி செய்ததை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஆனால் தலை முழுகியபின் அந்த உறை எங்கே போனது? பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய உறை மக்காது. பிரித்தெடுத்து மறுபடி உருக்குவதும் கடினம். எடைக்கு எடுக்கும் வியாபாரியும் தொடமாட்டார். பீலியடியில் விழுந்தது கானுக்குள் போகும், மழை வந்தால் ஓடைக்கு, ஓடையிலிருந்து மகாவலிக்கு. அள்ளிச் சேர்த்தாலும் கண்டி நகரத்துக் குப்பை போய்க் குவிந்த கோஹாகொட மேடு இருப்பதும் மகாவலிக் கரையில்தான்.

2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர, 20 மில்லி லீற்றரோ 20 கிராமோ அதற்குக் குறைவாகவோ அடைத்த பெக்கட்டுகளை இலங்கை அரசு தடைசெய்தது. தேவையான தடை. தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் அதே மார்ச்சில்தான். அந்தச் சம்பளத்துக்கே எத்தனை வருடம் போராடினார்கள் என்பது நமக்குத் தெரியும். சின்னப் பெக்கட்டை எடுத்துவிட்டு, போத்தலை வாங்கு என்று அவர்களிடம் சொன்னால் சூழலைக் காக்கும் செலவு முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

வழி இல்லாமல் இல்லை. தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் வாங்க நாம் வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போய்ப் பழகியவர்கள். ஷாம்பையும் கடையில் கேனில் வைத்து, இருபது ரூபாவுக்கு, ஐம்பது ரூபாவுக்கு என்று அளந்து ஊற்றலாம். உறையில்தான் விற்பேன் என்கிற கம்பனி, காலி உறைக்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கட்டும். விற்பனையைப் பெருக்க ஐந்து காலிப் பெக்கட்டுக்கு ஒரு ஷாம்பு கொடுக்க ஒரு சின்னக் கம்பனியால் முடிந்தது. ஆற்றைக் காப்பாற்ற அதைச் செய்யப் பெரிய கம்பனிகளால் முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

(தொடரும்)

அடுத்த வாரம்: ரயில்வே தொழிலாளரின் தோல் நோய்க்கு மருந்து தேடிய ஒரு டாக்டர், 1969-ல் சென்னையில் தொடங்கிய மெடிமிக்ஸ்.