களத்துப் பயறில் வீட்டுக்கு 31 கிலோ

தஞ்சை டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்கள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ உளுந்தோ பச்சைப்பயறோ தெளிக்கிறீர்கள். பனியிலும் மிச்ச ஈரத்திலுமே சுமார் 70 நாட்களில் விளைந்துவிடுகிறது. ஆனால் மூட்டை களத்திலிருந்து நேரே வியாபாரியிடம் போகிறது. வீட்டில் இரவுக்குச் சோறும் ரசமும்தான்.

100 கிராம் அரிசியில் புரதம் 7 கிராம் அளவே. பயறில் 24 கிராம். அரிசியில் குறையும் லைசின் பயறில் உண்டு, பயறில் குறையும் மெத்தியோனைன் அரிசியில் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே சமையுங்கள்.

வயலுக்குக் கிளம்பும்போது 200 கிராம் பச்சைப்பயறை ஊறப்போடுங்கள். நால்வருக்குப் போதும். மாலையில் இரு பங்கு அரிசி, சீரகம், பூண்டு சேர்த்து, தண்ணீர் தாராளமாக விட்டு, குக்கரில் நான்கு விசில். ஆவி அடங்கியதும் வேலியோர முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி போட்டு ஒரு கொதி. அரை மணி நேர வேலைதான். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் பயறின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும்.

வாரம் மூன்று நாள் இப்படிச் சமைத்தால் ஆண்டுக்கு 31 கிலோ தேவை. விற்றுவிட்டுப் பிறகு கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவானேன்? மூட்டை கட்டும் முன்பே எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை மிஞ்சினால், எவ்வளவு கழுவினாலும் அதைச் சமைக்கக் கூடாது. விதைப் பயறைத் தனியாக, எழுதி ஒட்டி வையுங்கள். உணவுப் பயறைக் கடித்தால் 'டக்'கென உடையும்வரை காயவைத்து, இறுக்கமாக மூடும் டின்னில் போடுங்கள்; வண்டு எளிதில் அண்டாது.