கை குணமாகிறதா? கட்டை சொல்லும்!

பக்கவாதம் வந்தவரிடம் "கை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஏதோ பரவாயில்லை" என்பார். இந்தப் 'பரவாயில்லை'யை எப்படி அளப்பது?

அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி. ஒரு பக்கம் 150 மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. கனசதுரம். 60 விநாடிக்குள் ஒவ்வொன்றாக எடுத்துத் தடுப்பைத் தாண்டிப் போட வேண்டும். எத்தனை கட்டையோ அத்தனை மார்க்! ரெண்டு கட்டையைச் சேர்த்து எடுத்தாலும் ஒன்றாகத்தான் கணக்கு. இரண்டு கைக்கும் தனித்தனியாகச் செய்வார்கள்.

1975-இல் சுவீடனில் வெளியான ஃபூகல்-மேயர் முறை இன்னும் விரிவானது. தோள் முதல் விரல் வரை அசைவுகளைச் சோதிப்பார்கள். முடியாவிட்டால் 0, பாதி முடிந்தால் 1, முழுசா முடிந்தால் 2. கைக்கு மொத்தம் 66 மார்க்.

எதுக்கு இவ்வளவு கணக்கு? போன மாதம் 8 கட்டை, இந்த மாதம் 14 என்றால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் எண்ணில் தெரியும். எண் ஏறவே இல்லையா? பயிற்சியை மாற்றிப் பார்க்கலாம். மனசு சோர்ந்தவருக்கு அந்த 6 கட்டையே பெரிய தெம்பு!

நம்ம வீட்டிலும் யாராவது அப்படி இருந்தால், "இனிமே அவ்வளவுதான்" என்று பயிற்சியைப் பாதியில் நிறுத்த விடாதீங்க!