ஒரே விமானத்தில் முப்படைத் தளபதிகள்

2010 ஏப்ரல் 10, சனிக்கிழமை காலை. ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரை ஒட்டிய விமானத் தளத்தை அடர்ந்த மூடுபனி மறைத்திருந்தது. தரையிறங்க முயன்ற போலந்து விமானப்படையின் டியூ-154 விமானம் மரங்களில் மோதி நொறுங்கியது. உள்ளே இருந்த 96 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

குடியரசுத் தலைவர் லெக் கச்சின்ஸ்கியும் அவர் மனைவியும் இறந்ததுதான் அன்றைய தலைப்புச் செய்தி. ஆனால் பயணிகள் பட்டியலை முழுக்கப் படித்தால்தான் இழப்பின் அளவு புரியும். முப்படைகளின் தலைமை அதிகாரி, தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகள், சிறப்புப் படைத் தளபதி, மத்திய வங்கித் தலைவர், தேசியப் பாதுகாப்பு அலுவலகத் தலைவர், நாடாளுமன்றத் துணைத் தலைவர்கள் என அரசின் மேல்தட்டே அதில் இருந்தது. 1940இல் கட்டின் காட்டில் சோவியத் ரகசியப் போலீசார் கொன்ற போலந்து அதிகாரிகளுக்கு 70ஆம் ஆண்டு அஞ்சலி செலுத்தப் போனவர்கள் இவர்கள். பிரதமர் டொனால்ட் டஸ்க் மூன்று நாள் முன்பே தனியாகப் போய்வந்திருந்ததால் அமைச்சரவை தப்பியது.

அரசு நின்றுபோனதா? இல்லை. போலந்து அரசியல் சட்டம், குடியரசுத் தலைவர் இறந்தால் கீழவையான செய்மின் தலைவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும், 14 நாளுக்குள் தேர்தலை அறிவிக்க வேண்டும் என்கிறது. அன்றே செய்ம் தலைவர் ப்ரோனிஸ்லாவ் கோமரோவ்ஸ்கி பொறுப்பேற்றார். படைகளிலும் மத்திய வங்கியிலும் அடுத்த நிலையில் இருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். இறந்த 15 செய்ம் உறுப்பினர்களின் இடங்கள் கட்சிப் பட்டியலில் அடுத்து இருந்தவர்களுக்குப் போயின. இடைத்தேர்தல் தேவைப்பட்டது மூன்று செனட் இடங்களுக்கு மட்டும்.

ஓரிடத்தில் மட்டும் சட்டம் இடறியது. இறந்தார் என்று எதை வைத்து முடிவு செய்வது? கச்சின்ஸ்கியின் உடலை அவருடைய இரட்டைச் சகோதரர் யரோஸ்லாவ் அடையாளம் காட்டியது அன்று மாலையில்தான். கோமரோவ்ஸ்கி அதற்கு முன்பே பொறுப்பேற்றுவிட்டார். அவசரப்பட்டு அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அதிலிருந்துதான் கிளம்பியது. அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். படைகளுக்குத் தலைவர் இல்லாமல் ஒரு நாட்டை மாலைவரை விட்டுவைக்க முடியாது. ஆனால் மரணத்தை யார், எப்படி உறுதிசெய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் அந்தக் கசப்புக்கே இடமிருந்திருக்காது.

குடியரசுத் தலைவர் தேர்தலின் ஜூலை 4 இறுதிச் சுற்றில் அதே யரோஸ்லாவைத் தோற்கடித்து கோமரோவ்ஸ்கி வென்றார். ஜூலை 8 அன்று அவர் செய்ம் பதவியைத் துறந்ததும் குடியரசுத் தலைவர் பொறுப்பு செனட் தலைவர் போக்தான் போருசேவிச்சுக்குப் போனது. அன்று மாலையே புதிய செய்ம் தலைவராகத் தேர்வான க்ரெகோஷ் ஸ்கெட்டினாவுக்கு மாறியது. ஒரே நாளில் மூன்று பேரிடம் கைமாறியும் ஒரு குழப்பமும் நேரவில்லை.

பதவிக்கு அடுத்து யார் என்பதை இவ்வளவு நுணுக்கமாக யோசித்த நாடு, ஒரு விமானத்தில் யார் யார் சேர்ந்து ஏறலாம் என்பதில் கோட்டைவிட்டது. அதுவும் எச்சரிக்கை கிடைத்த பிறகு. 2008 ஜனவரியில் போலந்தின் மிரோஸ்லாவியெத்ஸ் அருகே ஒரு காசா ரக ராணுவ விமானம் விழுந்து, விமானப்படையின் மூத்த அதிகாரிகள் உட்பட 20 பேர் இறந்தார்கள். விமானப் பாதுகாப்பு பற்றிய மாநாட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! அப்போது விமானப்படைத் தளபதியாக இருந்தவர் ஆந்த்ஜேய் ப்லாஷிக். தன் அதிகாரிகளை மொத்தமாகப் பறிகொடுத்த அதே மனிதர், இரண்டு ஆண்டுகள் கழித்து, மற்றப் படைத் தளபதிகளோடு ஸ்மோலென்ஸ்க் விமானத்தில் ஏறினார்.

2011இல் வந்த போலந்து விசாரணைக் குழுவின் அறிக்கை விமானிகளின் பயிற்சிக் குறைபாடுகளை அடுக்கியது. பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார். தலைவர்களை ஏற்றிச்சென்ற 36ஆவது சிறப்பு விமானப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. இவை தேவைதான். ஆனால் விமானி எவ்வளவு திறமைசாலியானாலும் பயணிகள் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. எந்தெந்தப் பதவிக்காரர்கள் சேர்ந்து பயணிக்கக் கூடாது என்பதைச் சட்டமாக்கி, மீறும் பட்டியலைத் தடுத்து நிறுத்தும் உரிமையோடு ஓர் அதிகாரியை விமான நிலையத்தில் அமர்த்த வேண்டும். அவர் தடுக்கும்போது, குடியரசுத் தலைவரே அழைத்திருந்தாலும், தளபதி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும்.