மோட்டார் வண்டியின் மஞ்சள் விளக்கு

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, எர்ணாகுளத்துப் பிராட்வேக்குத் துணிமணி வாங்கப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பெயரில் உள்ள அகலம் அந்த வீதியில் இல்லை என்பதை அங்குச் சென்றவர் அனைவரும் அறிவர். அருகிலுள்ள சண்முகம் சாலை, 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவானாக விளங்கிய கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கியது. அவருடைய ஊருக்குத்தான் இக்குடும்பமும் மறுநாள் விடியலில் திருமணம் ஒன்றுக்காகச் செல்லவேண்டும். வண்டி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கையில், முகப்புப் பலகையில் என்ஜினின் உருவம் கொண்ட சிறு மஞ்சள் விளக்கு எரிகின்றது. நாளைய பயணம் என்னாவது?

இவ்விளக்கைக் கண்டதும் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் அடியோடு புறக்கணிக்கின்றனர். இரண்டும் தவறு. விளக்கு என்பது தீர்ப்பு அன்று. அது ஒரு முறையீடு. முறையிடுவது யார், எதைப் பற்றி என்பதை வீட்டிலிருந்தபடியே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

இன்றைய வண்டிகளில் என்ஜினை ஆளுவது ஒரு சிறு கணிப்பொறி. உட்செல்லும் காற்று, என்ஜினின் வெப்பம், புகையில் எஞ்சியிருக்கும் பிராணவாயு ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த அளவு பிறழ்ந்தாலோ, ஒரு சென்சாரின் கணக்கு மற்றொன்றோடு பொருந்தாவிட்டாலோ, கணிப்பொறி அதனை ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றுகின்றது. புகையால் காற்று மாசுபடுவதைத் தடுக்கவே இம்முறை தோன்றியது. அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்களில் இது ஒரே சீரான வடிவம் பெற்றது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன.

முதலில் விளக்கு எவ்வாறு எரிகின்றது என்று பாருங்கள். சிவப்பு விளக்கானால், அது எண்ணெய் அழுத்தத்தையோ வெப்பத்தையோ குறிப்பதாயின், உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், நிதானமாக வீடு திரும்பலாம். ஆனால் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் சரிவரத் தீப்பற்றவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் தூய்மைக் கலத்தில் சென்று எரிந்து, அதனைப் பாழாக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் அடங்கிய கலமாதலால், அதை மாற்றும் செலவும் பெரிது. அந்நிலையில் வேகத்தைக் குறைத்து, இயன்ற விரைவில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

வீடு சேர்ந்ததும், என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெயும் குளிர்நீரும் அளவில் உள்ளனவா? காற்றுக் குழாயில் வெடிப்பு உண்டா? மின்கம்பி இணைப்பு ஏதேனும் தளர்ந்துள்ளதா? சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. அடைத்த கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுதலும் ஆகாது. நச்சுப் புகை மணமின்றியே உயிரைக் கொள்ளும்.

அடுத்தது எண்ணைப் படிப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, பலகையின் அடியில் பதினாறு துளைகள் கொண்ட இணைப்புவாய் ஒன்று இருக்கும். கடைகளில் கிடைக்கும் சிறு படிப்பான் கருவியை அதில் செருகினால், கைப்பேசியிலேயே எண் தோன்றும். 'பி' என்னும் எழுத்தில் தொடங்குவது என்ஜினையும் கியரையும் சார்ந்தது. பி-0301 என்றால் முதல் சிலிண்டரில் தீப்பற்றுதல் தவறுகின்றது. பி-0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது. பி-0420 என்றால் தூய்மைக் கலத்தின் திறன் குறைந்ததாகக் கணிப்பொறி கருதுகின்றது.

எண் காட்டுவது நோய் தோன்றிய இடத்தையேயன்றி நோயின் காரணத்தை அன்று. பி-0171 கண்டவுடன் பிராணவாயுச் சென்சாரை மாற்றிவிட்டு, குற்றம் வெடித்த காற்றுக் குழாயில் இருந்ததைப் பின்னர்க் காண்பவர் உண்டு. பி-0301க்கு எளிய சோதனை ஒன்று உளது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள வண்டியாயின், சாவியை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதை முதலுக்கும் மாற்றிப் பொருத்துங்கள். பின்னர்ச் சிறிது தூரம் ஓட்டும்போது எண் பி-0302 என மாறினால், குற்றவாளி காயிலே. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் செலுத்தும் இன்ஜெக்டரையும் ஐயுறலாம்.

கொச்சி போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றும் மழையும் இணைப்புகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குவது இயல்பு. 2019 அக்டோபர் 21-ஆம் நாள் எர்ணாகுளத்து வீதிகள் வெள்ளத்தில் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். நீரில் சென்றபின் விளக்கு எரிந்தால், முதலில் இணைப்புகளை உலர்த்திப் பார்க்கவும். நீரின் நடுவே என்ஜின் நின்றுபோயிருந்தால் மீண்டும் கிளப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் உள்ளுறுப்பை வளைத்துவிடும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுமுன் அதனை அழித்துவிடாதீர்கள். அழித்தால் சான்றும் உடன் அழியும். குறை உண்மையில் நீங்கியிருந்தால், பொதுவாக மூன்று ஓட்டங்களுக்குப் பின் விளக்குத் தானே அணையும். பழைய வண்டி வாங்குவோர்க்கு ஒரு சொல்: சாவியைத் திருப்பியதும் இவ்விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையாயின், குறையை மறைக்க யாரோ விளக்கையே செயலற்றதாக்கியிருக்கலாம்.

இனி நம் குடும்பத்துக்குத் திரும்புவோம். விளக்கு நிலையாக எரிகின்றது. ஆனால் படிப்பான் பி-0301 என்கின்றது. ஏற்றத்தில் வண்டி சிறிதே குலுங்குகின்றது. இந்நிலையில் பாலக்காட்டுக் கணவாயை நம்பிப் புறப்படுவதினும், எர்ணாகுளத்தில் ரயிலேறுவது நன்று. திருமணமும் தவறாது, வண்டியும் கெடாது. திரும்பி வந்ததும், அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பட்டறைக்காரரிடம் கொடுக்கலாம். புது ஊரில் மொழி முழுதும் கைவராதவர், வண்டியின் குறையை மலையாளத்தில் விளக்க இயலாமல், சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருவதுண்டு. எண்ணுக்கோ மொழி பேதம் இல்லை. தம் வண்டியின் முறையீட்டைத் தாமே கேட்டறிந்து செல்பவரிடம், தேவையற்ற உறுப்பை விற்பது எளிதன்று.